பிரயாண விபத்தும் ஆஸ்பத்திரிச் செலவும்: எந்த இன்ஷூரன்ஸ் எதற்கு?

சென்ற ஆண்டு திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கடன் சங்கம் ஒன்றில் ஆய்வு செய்தபோது, நகைக்கடன் பேரேட்டில் ஒரு கணக்கு என் கவனத்தை ஈர்த்தது. கடன்காரர் நெசவாளர். பதினோர் ஆண்டுகளாகத் தவணை தவறாதவர். அவர் பெயரில் கெடு கடந்த நிலுவை நின்றதுடன், ஏல நோட்டீசும் தயாராகியிருந்தது. செயலாளரை விசாரித்ததில், “கால் முறிவு, ஐயா. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்த அம்மாளின் சங்கிலியை வைத்தார்கள்” என்றார்.

அன்று மாலை அவர் இல்லத்துக்குச் சென்றேன். தறியில் பாவு பாதியில் நின்றது. தறிக்குழியில் இறங்கி மிதிக்கட்டையை அழுத்த அவருடைய வலது கால் இன்னும் இடம் கொடுக்கவில்லை. மாமல்லபுரத்துக் கடை ஒன்றில் துணிகளைக் கொடுத்துவிட்டு, நண்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து திரும்பியிருக்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே வந்த நாய்க்கு ஒதுங்கியபோது வண்டி மணலில் சறுக்கிவிட்டது. “மூணு இன்ஷூரன்ஸ் இருந்ததுங்க ஐயா. ஒண்ணும் கை கொடுக்கலே” என்றார்.

அவர் எண்ணியது தவறன்று. மூன்றும் உண்மையிலேயே இருந்தன. பாங்குக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் விபத்துக் காப்பீடு ஒன்று. நண்பரின் வண்டிக்குரிய இன்ஷூரன்ஸ் ஒன்று. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஒன்று. அவை மூன்றும் மூன்று வெவ்வேறு காரியங்களுக்காக ஏற்பட்டவை என்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நம் அங்கத்தினர்களுள் பெரும்பாலோரின் நிலை அதுவே. அந்தச் சங்கத்தை அதற்கு முன் இரு முறை பார்வையிட்ட நானும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடிப்படையான வேற்றுமையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்து இன்ஷூரன்ஸ் என்பது உயிர் போனாலோ, உறுப்பு போனாலோ, குறிப்பிட்ட ஒரு தொகையைக் கொடுப்பது. ஆஸ்பத்திரியில் என்ன செலவாயிற்று என்று அது கேட்பதில்லை. அந்தச் செலவைக் கொடுப்பதுமில்லை. மருத்துவ இன்ஷூரன்ஸ் இதற்கு நேர்மாறானது. வைத்தியச் செலவை அது ஏற்கும். ஆனால் கால் போய்விட்டது என்பதற்காகத் தனியே ஒரு தொகை தராது. வண்டியின் இன்ஷூரன்ஸோ இவ்விரண்டிலும் சேராதது. அந்த வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கு வண்டியின் சொந்தக்காரர் கொடுக்கவேண்டிய நஷ்டஈட்டை, அவருக்குப் பதிலாகக் கம்பெனி கொடுப்பதே அதன் முதற்பணி.

இனி 20 ரூபாய்த் திட்டத்தைப் பார்ப்போம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் இத்திட்டம் 2015-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. அப்போது பிரீமியம் ஆண்டுக்கு 12 ரூபாய். 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து அது 20 ரூபாய். பாங்கில் சேமிப்புக் கணக்குடைய, 18 வயது முதல் 70 வயது வரையிலுள்ள எவரும் சேரலாம். விபத்தில் மரணம் நேர்ந்தால் வாரிசுக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இரு கண்களோ, இரு கைகளோ, இரு கால்களோ, அல்லது ஒரு கண்ணுடன் ஒரு கையோ காலோ மீளாதபடி பயனற்றுப் போனாலும் அதே 2 லட்சம். ஒரு கண் அல்லது ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் அவ்விதம் போனால் 1 லட்சம். இவ்வளவுதான். எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, ஆறு மாதத்தில் கூடிவிட்டால் இத்திட்டத்தில் ஒரு காசும் வராது. நம் நெசவாளர் கண்டது இதைத்தான்.

ஆயினும் இதைச் சிறிய திட்டம் என்று தள்ளிவிடலாகாது. பிரயாண விபத்து மட்டுமன்றி, விவசாயிக்கு நேரக்கூடிய வேறு பல விபத்துகளும் இதில் அடங்கும். பனை ஏறுபவர் விழுந்து இறந்தாலும், வயலில் பாம்பு தீண்டி இறந்தாலும் தொகை உண்டு. சாலை விபத்தானால் போலீசில் பதிவான முதல் தகவல் அறிக்கை வேண்டும். மரத்திலிருந்து விழுதல், பாம்புக்கடி போன்றவற்றுக்கு உடனடியாக ஆஸ்பத்திரியில் எழுதப்பட்ட ஆதாரம் போதும். பாம்பு தீண்டியவரை மந்திரிப்பவரிடம் கொண்டுபோய் அங்கே உயிர் போயிற்றென்றால், உயிருடன் இந்த ஆதாரமும் போய்விடுகிறது.

இத்திட்டத்தின் ஆண்டு ஜூன் முதல் தேதியில் தொடங்கி மே 31-ஆம் தேதி முடியும். புதுப்பிக்கும் தொகையைப் பாங்கு தானே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சமயம் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் பாதுகாப்பும் இல்லை. நூற்றுக்கணக்கான பாஸ்புத்தகங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மே மாதக் கடைசியில் நம் மக்களின் கணக்குகளில் மீதி இருப்பது அரிது. பள்ளிச் செலவு, கலியாணச் செலவு யாவும் அப்போதுதான் வருகின்றன. மற்றொரு சங்கதி, ஒருவருக்கு எத்தனை பாங்குகளில் கணக்கு இருந்தாலும் ஒரு பாங்கின் மூலமாகவே பாதுகாப்பு உண்டு. இரண்டு இடங்களில் 20 ரூபாய் போயிருந்தால் 4 லட்சம் வரும் என்று எண்ண வேண்டாம்; இரண்டாவது 20 ரூபாய் வீணே. கணவன் மனைவி கூட்டுக் கணக்கு வைத்திருந்தால் இருவருக்கும் தனித்தனியே பணம் பிடிக்கப்பட வேண்டும். கேட்பு மனுவை விபத்து நடந்த 30 நாட்களுக்குள் பாங்கில் கொடுக்க வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மிஞ்சுவது இரண்டே வாரம் என்பதைச் செயலாளர்கள் நினைவில் வைத்தல் நலம்.

அடுத்து வண்டி இன்ஷூரன்ஸ். குழப்பம் மிகுந்த இடம் இதுவே. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். கம்பெனி ஒருவர், வண்டிக்காரர் ஒருவர், இவ்விருவரும் அல்லாத பிறர் மூன்றாம் நபர். சாலையோரம் நடந்து செல்பவர், சைக்கிளில் போகிறவர், எதிர் வண்டியில் வருபவர் ஆகியோர் இவ்வகையினர். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் ஒரு விவசாயத் தொழிலாளியை லாரி மோதினால், அவரிடம் எந்த இன்ஷூரன்ஸும் இல்லாவிட்டாலும், அந்த லாரியின் கம்பெனியே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி. மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். 2019-இல் செய்யப்பட்டு 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுவைக் கொடுக்க வேண்டும். யார் குற்றம் என்ற வழக்கில் இறங்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெற 164-ஆம் பிரிவு இடம் தருகிறது. மோதிய வண்டி நிற்காமல் ஓடி மறைந்துவிட்டால் அதற்கும் வழியுண்டு. 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள தனித்திட்டத்தின்படி மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அளிக்கப்படுகின்றன.

ஆனால் நண்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்தவர்? அவரும் மூன்றாம் நபர்தானே என்று தோன்றும். சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு மட்டும் எடுத்த பாலிஸியானால், இரு சக்கரத் தனியார் வண்டியில் இலவசமாகப் பின்னால் அமர்ந்து செல்பவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2006-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. வேறொரு வண்டி வந்து மோதியிருந்தால் அந்த வண்டியின் கம்பெனியிடம் கேட்கலாம். நம் நெசவாளர் விஷயத்தில் மோதியவர் எவருமில்லை. வண்டி தானே சறுக்கிற்று. நண்பரிடம் இருந்ததோ குறைந்த பிரீமியத்துப் பாலிஸி. முழுப் பாலிஸி எடுத்திருந்தாரானால் பின்னிருப்பவருக்கும் பாதுகாப்பு இருந்திருக்கும். சட்டப்படி நண்பர்மீதே வழக்குத் தொடரலாம். ஆனால் அதே தெருவில் நெசவு செய்யும் நண்பர்மீது எவர் வழக்குத் தொடுப்பார்?

வண்டியைத் தாமே ஓட்டும் சொந்தக்காரரும் மூன்றாம் நபராகமாட்டார். அவருக்கென்று 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு 2018 முதல் ஏற்பட்டுள்ளது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் அது பயன்படும். மகன் பெயரில் வண்டியும் தந்தை கையில் ஓட்டமுமாக இருந்தால், இந்தப் பாதுகாப்பு தந்தையைச் சேராது.

விவசாயிகள் மிகவும் கவனிக்கவேண்டுவது சுமை வண்டியைப் பற்றிய விதியாகும். செய்யூர், மதுராந்தகம் பக்கத்திலிருந்து தர்ப்பூசணி ஏற்றிக்கொண்டு விடியுமுன் கோயம்பேடு போகும் மினி லாரிகளையும், குட்டியானை என்று நாம் அழைக்கும் சிறு வண்டிகளையும் பார்க்கிறோம். சுமைக்கு மேலே நாலைந்து பேர் போர்வையைப் போர்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏறிச் செல்வதைச் சட்டம் பிரயாணமாகக் கொள்வதில்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், சரக்கின் சொந்தக்காரருக்கும் அவரால் அதிகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டும் கட்டாய இன்ஷூரன்ஸில் இடம் அளிக்கப்பட்டது. அந்தச் சொந்தக்காரரும் டிரைவர் பக்கத்திலுள்ள அறையில் அமர்ந்திருக்க வேண்டும். சுமைமேல் அமர்ந்து சென்றால் பாதுகாப்பு இல்லை என்று 2007-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. சும்மா ஏறிக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், சந்தைக்குப் போகும் உறவினருக்கும் கம்பெனி பொறுப்பில்லை. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியில் திரும்பும்போதும் இப்பாதுகாப்பு நிலைக்குமென்று நம்பியிருத்தல் கூடாது. காஞ்சிபுரத்துக்கு ஜவுளி மூட்டையுடன் செல்லும் நெசவாளருக்கும் இதே விதிதான். சரக்கு இன்னாருடையது என்பதைக் காட்டும் ஒரு பட்டியலோ சங்கத்தின் கடிதமோ கையில் இருப்பது நன்று.

ரயிலில் நிலைமை வேறு. செங்கற்பட்டுச் சந்திப்பிலிருந்து நாள்தோறும் சென்னைக்குச் செல்லும் அங்கத்தினர் பலர். செல்லத்தக்க டிக்கெட்டோ சீசன் டிக்கெட்டோ உடைய பிரயாணி ரயில் விபத்தில் இறந்தாலும், ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தாலும், ரயில்வேச் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. 2017 ஜனவரி முதல் இத்தொகை 8 லட்சம் ரூபாய். ரயில்வே கேட்புத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 2018 ஜூலை 24-ஆம் தேதி பரங்கிமலை நிலையத்தில், கடற்கரையிலிருந்து திருமால்பூர் சென்ற மின்சார ரயிலின் படியில் தொங்கிச் சென்றவர்கள் சுவரில் மோதி உயிரிழந்ததை நம் வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். வெறும் கவனக்குறைவைக் காரணம் காட்டி நஷ்டஈட்டை மறுப்பதற்கில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு அதே ஆண்டு கூறிற்று. ஆனால் தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபடுபவர் பிரயாணி அல்லர். அவருக்கு இது கிடையாது. காசி யாத்திரை போகிறவர்கள் இன்டர்நெட்டில் டிக்கெட் எடுக்கும்போது 45 காசுக்கு 10 லட்சம் வரை தனி இன்ஷூரன்ஸும் எடுக்கலாம். வாரிசின் பெயரைத் தவறாமல் பதிவு செய்ய வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை.

இப்போது ஆஸ்பத்திரிச் செலவுக்கு வருவோம். சாலையில் அடிபட்டவருக்கு முதல் இரண்டு நாட்களே உயிர்நிலையானவை. இதற்கென்று தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி நம் மாவட்டத்து மேல்மருவத்தூரிலேயே தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும், பட்டியலிலுள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச வைத்தியம் அளிக்கப்படும். அட்டை உண்டா, எந்த மாநிலத்தவர், என்ன வருமானம் என்ற கேள்வி இல்லை. தொடக்கத்தில் 81 வகைச் சிகிச்சைகளும் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரம்பும் இருந்தன. பின்னர் வரம்பு உயர்த்தப்பட்டது. மத்திய அரசும் 2025 மே மாதத்தில், விபத்து நடந்த ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை அறிவித்துள்ளது.

இவையெல்லாம் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கே முழு அளவில் பொருந்தும். நம் நெசவாளரை நல்ல மனத்துடன் தூக்கிச் சென்றவர்கள், கண்ணில் பட்ட ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அது பட்டியலில் இல்லை. அறுவை சிகிச்சையும் அங்கேயே நடந்துவிட்டது. 108-ஐ அழைத்திருந்தாலோ, செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலோ சங்கிலி வீட்டிலேயே இருந்திருக்கும். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவரைப் போலீசார் சாட்சியாகுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளித்திருக்கிறது. ஆகவே அந்தப் பயத்தால் அருகிலுள்ள ஏதோ ஓர் இடத்தில் விட்டுவிட்டு ஓடவேண்டிய அவசியமில்லை.

அவருடைய மூன்றாவது இன்ஷூரன்ஸான அட்டையும் இதே காரணத்தால்தான் பயனின்றிப் போயிற்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கி, 2018-இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் பட்டியலிட்ட ஆஸ்பத்திரி, பட்டியலிட்ட சிகிச்சை, உள்நோயாளியாகச் சேர்தல் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு ரசீதைக் காட்டிக் கேட்பதற்கு இதில் வழியில்லை. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

கம்பெனிகளிடம் பணம் கட்டி மருத்துவ பாலிஸி எடுக்கும் அங்கத்தினரும் இப்போது பெருகி வருகின்றனர். அவர்களுக்கு ஒரு ஷரத்தை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். அறை வாடகை நாளொன்றுக்கு 2,000 ரூபாய் என்று பாலிஸியில் வரம்பு இருக்கும். காற்றோட்டமான அறை வேண்டுமென்று 4,000 ரூபாய் அறையில் சேர்வார்கள். கூடுதல் 2,000 ரூபாய்தானே, கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். இத்தகைய ஷரத்து உள்ள பாலிஸியில், அறை வாடகை மட்டுமன்றி டாக்டர் கட்டணம், அறுவை அறைக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில், அதாவது பாதியாக, வெட்டப்படும். மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் உலோகத் தகடு முதலியவற்றில் இவ்வாறு வெட்டுவது 2020 முதல் அனுமதிக்கப்படுவதில்லை. முன்பே உள்ள நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். ஆனால் விபத்துக்கு அத்தகைய காத்திருப்புக் காலம் இல்லை. கேட்பு அநியாயமாக மறுக்கப்பட்டதாகத் தோன்றினால் முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிடில் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

சங்கங்களுக்கு இதில் என்ன வேலை என்று சில தலைவர்கள் என்னைக் கேட்டதுண்டு. 1904-ஆம் ஆண்டில் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயிகள் ஒன்றுகூடிக் கடன் சங்கம் கண்டபோது, லேவாதேவிக்காரரிடம் நிலமும் நகையும் போவதைத் தடுப்பதே அவர்கள் எண்ணம். இன்று நகை ஆஸ்பத்திரி வாசலில் போகிறது. மே மாதம் இருபதாம் தேதிக்குள் ஒவ்வோர் அங்கத்தினரின் கணக்கிலும் 20 ரூபாய் மீதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும், பக்கத்திலுள்ள பட்டியல் ஆஸ்பத்திரிகளின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதும் ஒரு குமாஸ்தாவுக்கு அரை நாள் வேலை.

நான் பார்வையிட்ட அந்தச் சங்கத்தில் நிர்வாகக் குழுவினர் ஏலத்தை நிறுத்தி, வட்டியைக் கட்டிக்கொண்டு நகையை மறு அடகு வைக்க இசைந்தனர். கடந்த ஜூலையில் மீண்டும் போனபோது அவர் தறிக்குழியில் இறங்கியிருந்தார். இடது காலால் மிதித்துப் பழகிவிட்டதாகச் சொன்னார். பாஸ்புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். ஜூன் மாதப் பக்கத்தில் அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் 20 ரூபாய் பற்று எழுதப்பட்டிருந்தது. நகைக்கடனில் அசல் இன்னும் 31,000 ரூபாய் நிற்கிறது.